மூன்றாம் சிலிண்டரின் மஞ்சள் வட்டம்

போன வாரம் தர்ஷினி எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். துறைமுக ஊரான கிள்ளானில் நான் வேலை பார்த்த இஞ்சின் பட்டறையில் இப்போது அவர் இருக்கிறார். படத்தில் இருந்தது ஏதோ ஒரு பழைய டிராக்டர் பிளாக்கின், அதாவது இஞ்சினின் வார்ப்பிரும்பு உடலின், உட்சுவர். அதில் மிளகு அளவில் ஒரு பள்ளம், அதைச் சுற்றி மஞ்சள் சாக்கட்டியால் போட்ட வட்டம்.

"அண்ணே, இது என்னா ஓட்டை? போன் ஆப்ல படத்தைக் காட்டிக் கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு பேரு சொல்லுது."

"வண்டிக்காரர் எங்க உக்காந்திருக்காரு?" என்று நான் பதில் எழுதினேன்.

"ஓட்டையைக் கேட்டா ஆளை விசாரிக்கிறீங்களே! வெளியில, காத்தாடிக்குக் கீழ."

"உள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்குமே?"

"அதுவா? அதுல நாங்க ஹெல்மெட் வைக்கிறோம். யாரு போட்டது, எதுக்குப் போட்டதுன்னு யாருக்கும் தெரியல லா."

அந்த நாற்காலியின் கதை போனில் தட்டெழுத முடியாத நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. ஆனால் அந்த வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். கழுவும் திரவமும் இரும்பைக் கடையும்போது ஊற்றும் வெட்டெண்ணெயும் என் கைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோல் வெடித்தது, கையுறை போட்டால் இன்னும் மோசமானது. "இந்த வேலையை விட்டால் கை ஆறும். விடாவிட்டால் ஆறாது" என்றார் தோல் மருத்துவர். விட்டேன், ஆறிவிட்டது. இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து, காப்புறுதி இழப்பீடு கேட்டு வருகிற இயந்திரங்களின் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறேன். இரும்பைப் படத்தில் மட்டும் பார்ப்பவன் ஆகிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்ததும் அந்தப் பட்டறையில் சேர்ந்தேன். துறைமுகத்தில் லோரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த அப்பா, சேர்ந்த வாரமே கேட்டார்: "அங்க என்னாதாண்டா வேலை?"

"பழைய இஞ்சினுக்குள்ள என்னென்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லணும்பா."

"தொறந்தா தெரிஞ்சிறப் போவுது. அதுக்கா அவ்வளவு படிச்ச?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். திறந்தால் தெரியாது என்பதைப் புரிந்துகொள்ளவே ஒரு வருடம் போனது.

ஒரு பழைய பிளாக்கைத் திறந்து கழுவி வைத்தால் உள்ளே எத்தனையோ தென்படும். எண்ணெய் போகும் துளைகள், தண்ணீர் சுற்றும் அறைகள், வார்த்த மணலை வெளியே எடுப்பதற்காக விட்ட பெரிய துளைகளும் அவற்றை மூடிய தகட்டு மூடிகளும், வேறொரு மாடலுக்காக வார்த்துவிட்டு இந்த மாடலில் பயன்படாமல் நிற்கும் மேடுகள். இவையெல்லாம் தொழிற்சாலை செய்தவை. இதற்கு மேல், வண்டி எத்தனை பேர் கைமாறியதோ அத்தனை பேருடைய கைவேலையும் இருக்கும். ஒருமுறை மீன்பிடிப் படகின் இஞ்சின் ஒன்றில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சின்னச் சின்ன வட்டங்கள் ஒரே வரிசையில் ஓடுவதைப் பார்த்து, அழகுக்காக வார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அது விரிசல். யாரோ அதன் நெடுக மரையாணிகளை நெருக்கமாக இறக்கி, தேய்த்துச் சமன் செய்திருந்தார்கள். "அழகுக்கா? யாரோ தையல் போட்டிருக்கான்பா" என்றார் நசீர் அண்ணன்.

நசீர் அண்ணன்தான் பட்டறையின் மேலாளர். நாற்பதுகளின் நடுவில் இருந்தார். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குச் சில விதிகள் இருந்தன. அவை சுவரில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் மீறினால், மீறியவரைப் பார்க்காமல் இரும்பைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அதுதான் அவருடைய திட்டு.

முதல் விதி சாக்கட்டி. கழுவிக் காய்ந்த பிளாக்கில் கண்ணில் படும் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட வேண்டும். தெரிந்ததற்கு வெள்ளை, தெரியாததற்கு மஞ்சள். பேரைச் சொன்னால் மட்டும் வெள்ளை கிடைக்காது. "எங்கேருந்து வருது, எங்க போகுது? ரெண்டையும் சொல்லு" என்பார். சொல்ல முடியவில்லையென்றால் அது மஞ்சள்தான். மஞ்சள் வட்டத்தோடு எந்தப் பிளாக்கும் பட்டறையைவிட்டுப் போகக் கூடாது, பழைய இரும்புக்குக்கூட. இதில் இன்னொரு நுணுக்கம்: வட்டத்தைப் போட்டவரே அதை அழிக்க வேண்டும். முதலாளியே ஆனாலும் இன்னொருவருடைய மஞ்சளில் கை வைக்க மாட்டார்.

இரண்டாவது விதி கோடு. கழுவும் இடத்துக்கு முன்னால் தரையில் ஒரு கோடு இருந்தது. வாடிக்கையாளர்கள் அதைத் தாண்டக் கூடாது. வெளியே மின்விசிறிக் காத்தாடிக்குக் கீழே நாற்காலிகள் உண்டு. வேண்டியவர்களுக்கு மைலோ பான பாக்கெட் கிடைக்கும். "அவங்க கதையைக் கேட்டுட்டு உள்ள பார்த்தா கதைதான் தெரியும், இரும்பு தெரியாது" என்பது நசீர் அண்ணன் கருத்து. அதில் நியாயம் இருந்தது. 'ஹெட்டுதான் போச்சு' என்று சொல்லிக்கொண்டு வருபவரின் வண்டியில், நம் கண்ணும் இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டையே சுற்றி வரும். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நாற்காலிக் கதையின் டிராக்டர் டெங்கில் என்ற ஊரிலிருந்து வந்தது. அதன் சொந்தக்காரர் லெட்சுமணன் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பழக்குலை இழுக்கும் குத்தகை எடுத்திருந்தார். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரைக் கட்டி, வெட்டிப் போட்ட குலைகளை ஏற்றி, சாலை ஓரத்தில் கொண்டுவந்து கொட்ட வேண்டும். வண்டி ஏற்கனவே இருமுறை வேறு வேறு பட்டறைகளில் திறக்கப்பட்டிருந்தது. இரண்டு முறையும் ஒரே நோய்தான். இஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்துவிடும். எண்ணெய் தே தாரேக் நிறத்துக்கு மாறும். பேரிங் தேய்ந்து போகும். இரண்டு முறையும் புதிய பேரிங், புதிய ரப்பர் வளையங்கள். சில வாரங்களில் எண்ணெய் மறுபடி பால் கலந்த தேநீராகிவிடும். கடைசிப் பட்டறைக்காரர் "பிளாக்கே வெடிச்சிருக்கு, தூக்கிப் போடுங்க" என்று கைவிரித்துவிட்டார்.

அந்தப் பழைய பிளாக்குக்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. லெட்சுமணன் இடத்தில் தற்காலிகமாக இன்னொருவர் குலை இழுத்துக்கொண்டிருந்தார். மாதம் முடிவதற்குள் சொந்த வண்டியோடு வராவிட்டால் குத்தகை அந்த ஆளுக்கே போய்விடும் என்று தோட்டத்து மேனேஜர் சொல்லிவிட்டார். இரும்புதான் என்றாலும், அந்த மனிதரின் பிழைப்பு அதற்குள் இருந்தது.

பிளாக்கைக் கழுவினோம். தண்ணீர் அறைகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, தொட்டியில் முக்கிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை, விரிசல் இல்லை. அடுத்தது சாக்கட்டி. நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் தனியாகக் கழற்றக்கூடிய குழாய் ஒன்று உட்காரும். அதை லைனர் என்போம். லைனரின் மேற்பகுதியைச் சுற்றித் தண்ணீர், அடிப்பகுதிக்குக் கீழே எண்ணெய். இரண்டும் கலக்காமல் இருக்க, அடியில் இரண்டு ரப்பர் வளையங்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக, பிளாக்கில் வெட்டிய பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். மூன்றாம் சிலிண்டரில் அந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறப் பொட்டு இருந்தது. சமமாக, வழவழப்பாக. நான் அதற்கு மஞ்சள் வட்டம் போட்டேன்.

நசீர் அண்ணன் குனிந்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். "வார்ப்புப் பொட்டு" என்றார். வார்க்கும்போது உள்ளச்சு நகராமல் இருக்கச் சின்ன உலோகத் துண்டுகளை முட்டுக் கொடுப்பார்கள். அவை இரும்போடு உருகிச் சேர்ந்து பொட்டுகளாக நின்றுவிடும். அதே பிளாக்கின் தண்ணீர் அறையில் அப்படிப் பல பொட்டுகள் இருந்தன. இதுவும் பார்க்க அப்படித்தான் இருந்தது.

"தண்ணி அறையில முட்டு வைப்பாங்க, சரி அண்ணே. இது கெட்டி இரும்பு இருக்கிற எடம். இங்க எதுக்கு முட்டு?"

"மத்த மூணுல?"

மற்ற மூன்று சிலிண்டர்களிலும் அதே இடத்தில் துரு அடைத்த சின்னக் குழிகள்தான் இருந்தன. மெல்லிய கம்பியை விட்டுச் சுரண்டினேன். போய்க்கொண்டே இருந்தது. பிளாக்கின் வெளிப்புறம், பழைய பெயின்ட்டை உடைத்துக்கொண்டு கம்பியின் நுனி எட்டிப் பார்த்தது. மூன்றும் ஓட்டைகள்தான். நான்காவது எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் அந்தப் பொட்டு.

"சரி, ஓட்டை. எங்கேருந்து வருது, எங்க போகுது?"

"வளையத்துக்கு நடுவுலேருந்து வெளிய போகுது."

"எதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. எங்களிடம் இருந்த கையேட்டில் அதற்கு அடுத்த மாடலின் படம்தான் இருந்தது; அதில் அந்த ஓட்டைகள் இல்லை. இணையத்தில் ஒருவர் அது எண்ணெய் வழி என்றார், இன்னொருவர் வார்ப்புக் குறை என்றார், மூன்றாமவர் இருவரையும் முட்டாள்கள் என்றார். நசீர் அண்ணன் பார்த்த வண்டிகளிலும் அப்படி ஓர் ஓட்டை இருந்ததில்லை. மூன்றாவதைத் தவறாகத் துளைத்துவிட்டுத் தொழிற்சாலையே அடைத்திருக்கும் என்பது அவர் முடிவு. விரிசல் இல்லாமலே தண்ணீர் கலப்பதால், இரும்பு உள்ளுக்குள் அரித்துப் பஞ்சாகியிருக்க வேண்டும், சூடு ஏறும்போது மட்டும் கசியும், காப்பாற்ற முடியாது என்றார்.

"வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போயிட்டு வருவேன். அதுக்குள்ள அந்த மஞ்சளை அழி. இல்லன்னா அழிக்காததுக்குக் காரணம் சொல்லு. பழைய இரும்புக்காரன் மூணு மணிக்கு லோரியோட வரான்" என்றார், பிளாக்கைப் பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை அவர் போன சற்று நேரத்தில் லெட்சுமணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பது வயதுக்காரர், வெயிலில் கறுத்த கைகள். காத்தாடிக்குக் கீழே உட்காராமல் கோட்டு ஓரத்தில் நின்றார்.

"என்னா தம்பி, பொழைக்குமா?"

"நசீர் அண்ணன் வந்து சொல்லுவாரு, அங்கிள்."

"நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுச் சொல்றதப் பார்த்தாலே தெரியுது. சரி விடு. எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி மூஞ்சியாவது பாத்துக்கிறேன். எங்க அப்பாவைக்கூட ஆஸ்பத்திரில காட்டுனாங்க."

நான் கோட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். தீர்ப்பு ஏறக்குறைய எழுதியாகிவிட்டது. கதை கேட்டு இனிக் கெடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. "வாங்க" என்றேன்.

பிளாக்கைச் சுற்றி வந்தார். வெள்ளை வட்டங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்னா லா இது, பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காட்டுற மாதிரி பொட்டெல்லாம் வச்சிருக்கீங்க." பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "இதுக்கு மட்டும் ஏன் மஞ்சப் பொட்டு?"

"அது என்னான்னு தெரியல, அங்கிள்."

"இதா? இது என் போல்ட்டுப்பா."

நான் குனிந்து அந்தப் பொட்டை மறுபடி பார்த்தேன். அவருக்கு அது பாராட்டாகத் தோன்றியிருக்க வேண்டும்.

"தெரியலல்ல? தெரியாது! லைனரை வெளிய எடுத்து, மரை வெட்டி, பசை தடவி, போல்ட்டை எறக்கி, ரெண்டு பக்கமும் அறுத்து, அரம் போட்டுத் தேச்சு, வெளிய அதே கலர் பெயின்ட் அடிச்சேன். செஞ்ச கம்பெனிக்காரனே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்."

"எதுக்கு அங்கிள் அடைச்சீங்க?"

"சொட்டுச்சே! கேட்டுல உள்ள விட மாட்டேங்கிறான்."

தோட்டத்துக்குச் சுற்றுச்சூழல் சான்றிதழ் வாங்கியதிலிருந்து வாசலில் ஒரு வழக்கம் வந்திருந்தது. வண்டி நின்றதும் காவலாளி, எல்லோரும் ஜாகா என்று கூப்பிடுகிறவர், அடியில் ஓர் அட்டையைத் தள்ளிவிடுவார். ஓட்டுநர் கையெழுத்துப் போட்டு முடித்ததும் அட்டையை இழுத்துப் பார்ப்பார். ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் வண்டி திரும்பிவிட வேண்டும். எண்ணெயா தண்ணீரா என்ற பேச்சே கிடையாது. மண்ணில் எதுவும் சொட்டக் கூடாது, அவ்வளவுதான். அந்த வாசலில் வண்டி ஓட்டுபவர்கள் எல்லோருமே சொட்டுகிற இடத்தை அடைப்பதில் கைதேர்ந்துவிட்டார்கள். லெட்சுமணன் அவர்களில் திறமைசாலி.

"என்னா சொட்டுச்சு? எண்ணெயா?"

"தண்ணி. சும்மா பச்சத் தண்ணி. அதுக்குப் போயி ஒரு நாள் பொழப்பு."

"அடைச்சதுக்கு அப்புறம்தான் எண்ணெய் கெட்டுச்சா? முன்னாடியேவா?"

அவர் விரலால் மோவாயைத் தேய்த்தார். "அப்புறந்தான். ஆனா அதுக்கும் இதுக்கும் என்னாப்பா சம்பந்தம்? இது வெளிய வர்ற தண்ணி. அது உள்ள போன தண்ணி."

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. தரையில் மஞ்சள் சாக்கட்டியால் படம் போட்டேன். மேலே தண்ணீர், கீழே எண்ணெய், நடுவில் இரண்டு வளையங்கள், அவற்றுக்கிடையே வெளியே போகும் ஓட்டை. மேல் வளையம் கசிந்தால் தண்ணீர் கீழே போவதற்கு முன்னால் ஓட்டை வழியாக வெளியே சொட்டிவிடும். கீழ் வளையம் கசிந்தால் எண்ணெய் சொட்டும். எது கெட்டது என்று வண்டியைத் திறக்காமலே தெரிந்துகொள்ள வைத்த ஓட்டை அது. அதை அடைத்தால், கசிந்த தண்ணீர் நடுவில் தேங்கி, கீழ் வளையத்தையும் தள்ளிக்கொண்டு எண்ணெய்க்குள் இறங்கும்.

லெட்சுமணன் குந்தி உட்கார்ந்து படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அப்போ அது சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நான்தான் வாயில துணியத் திணிச்சிருக்கேன்."

அப்போது நசீர் அண்ணன் வந்துவிட்டார். தலையில் தொழுகைத் தொப்பி இன்னும் இருந்தது. கோட்டுக்கு உள்ளே குந்தியிருந்தவரைப் பார்த்தார், தரையில் இருந்த படத்தைப் பார்த்தார், பிறகு பிளாக்கைப் பார்த்தபடி கேட்டார்: "யாரு உள்ள விட்டது?"

"நான்தான் அண்ணே. அந்தப் பொட்டு அவரோட போல்ட்டு."

நசீர் அண்ணன் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். லெட்சுமணனுக்கு எதிரே அவரும் குந்தினார்.

"என்ன சைஸ் போல்ட்டு போட்டீங்க?"

"ஆறு எம்எம், போஸ்."

"பசை?"

"செவப்பு."

"அப்போ சூடு காட்டணும்" என்று எழுந்தார். பழைய இரும்புக்காரருக்கு அவரே போன் செய்து, வர வேண்டாம் என்றார்.

போல்ட்டை எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரப்பட்டிருந்தால் பிளாக்கை அங்கேயே கெடுத்திருப்போம். முதலில் சின்னச் சுடரால், பசை இளகும் அளவுக்கு மட்டும் சூடு. பிறகு பிளாக்கின் வெளிப்புறத்திலிருந்து பொட்டின் நட்டநடுவில் ஒரு புள்ளி குத்தினார். இடப்பக்கம் சுழலும் துளைப்பானை மெதுவாக இறக்கினார். வலப்பக்கம் சுழல்வது போல்ட்டை இன்னும் உள்ளே இறுக்கும். இது துளைத்துக்கொண்டே வெளியே இழுக்கும். கொஞ்ச நேரம் தூள் மட்டும் வந்தது. பிறகு பொட்டு தானாகச் சுழலத் தொடங்கி, திருகிக்கொண்டே வெளியே வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. லெட்சுமணனிடம் கொடுத்தார். "நல்ல வேலை" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

புது வளையங்களோடு நான்கு லைனர்களையும் இறக்கி, தண்ணீர் அறையில் அழுத்தம் கொடுத்தோம். மூன்றாவது ஓட்டையில் மட்டும் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. மேல் பள்ளம் அரித்துப்போயிருந்தது; எந்தப் புது வளையமும் அங்கே உட்காராது. நோய் ஒரு விரல் அகலத்துக்குள்தான் இருந்தது. அந்த இடத்தைக் கடைந்தெடுத்து, புதிய இரும்பு வளையம் ஒன்றை இறுக்கிப் பொருத்தி, அதில் பள்ளத்தைத் திரும்ப வெட்டினோம். மறுபடி அழுத்தம் கொடுத்தபோது நான்கு ஓட்டைகளும் காய்ந்தே இருந்தன. சோதனை முடிந்து லைனரை வெளியே எடுத்த பிறகுதான் நான் என் மஞ்சளை ஈரத்துணியால் துடைத்து, அந்த இடத்தில் வெள்ளை வட்டம் போட்டேன். "எங்கேருந்து வருது, எங்க போகுது" என்று நசீர் அண்ணன் கேட்டார். சொன்னேன்.

வண்டியை எடுக்க வந்த அன்று லெட்சுமணன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "போஸ், எல்லாம் சரி பண்ணியாச்சுல்ல. இனிமே அந்த ஓட்டைய அடைச்சே குடுத்திருங்களேன். அந்த ஜாகா இருக்கானே..."

"அடைச்சு வேணும்னா வேற கடை பாருங்க."

"சொட்டாதுல்ல?"

"இன்னைக்குச் சொட்டாது. என்னைக்குமே சொட்டாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

லெட்சுமணன் என்னைப் பார்த்தார். நான் பிளாக்கைப் பார்த்தேன். அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டிருந்தது.

மாதம் முடிவதற்குள் வண்டி தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குத்தகை அவரிடமே நின்றது. அடுத்த திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போனபோது, வெளியே இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்று கோட்டுக்கு உள்ளே, கழுவும் இடத்தின் பக்கத்தில் இருந்தது. நசீர் அண்ணன்தான் போட்டிருந்தார்; நான் அதைப் படம் எடுத்து லெட்சுமணனுக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து முதலில் நாங்கள் பார்ப்போம், வட்டம் போடுவோம். மஞ்சள் மிச்சம் இருந்தால் வண்டிக்காரரை உள்ளே கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைப்போம். தர்ஷினி, ஹெல்மெட்டை வேறு இடத்தில் வைக்கலாம்.

லெட்சுமணன் அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டார். அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸ் வேலையில் சேர்ந்திருந்தேன். காலையில் ரயிலைவிட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, இப்பல்லாம் கேட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே அட்டை போட்டுப் பாத்துருவேன். இன்னைக்கு ஒரு பொட்டு."

"தண்ணியா, எண்ணெயா?"

"நக்கிப் பாக்கவா?"

"தொட்டுப் பாருங்க அங்கிள், போதும்."

"தண்ணிதான்."

"மூணாவதா?"

"இல்ல. ஒண்ணாவது. நீ கம்பி விட்டுத் தொறந்தியே, அதுல ஒண்ணு."

"வண்டிய ஓட்டாதீங்க அங்கிள். எண்ணெய்க்கு இன்னும் ஒண்ணும் ஆகியிருக்காது. வளையம் மட்டும் மாத்துனா போதும்."

அந்தப் பக்கம் லோரி ஒன்றின் உறுமல் கேட்டது. சங்கிலியை இழுத்துக் கட்டும் சத்தமும் கேட்டது.

"யாரு ஓட்டுறா? லோரி மேல ஏத்தியாச்சு. கிள்ளானுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். நசீர் போஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு, நாற்காலி எனக்கு வேணும்னு."